மெல்லிய காற்று, குலுங்கும் கடல்: எந்தப் பலகை கைகொடுக்கும்?

நவம்பர் பிறந்துவிட்டால் பகாங், திரங்கானு, கிளந்தான் பக்கம் எல்லாரும் மழையைப் பற்றியும் வெள்ளத்தைப் பற்றியும்தான் பேசுவார்கள். காற்றைப் பற்றிப் பேசும் சிறு கூட்டமும் இங்கே உண்டு. பட்டம் இழுக்க, பலகையின்மேல் நின்று கடலில் சறுக்கும் 'கைட்போர்டிங்' விளையாட்டுக்காரர்கள்தாம் அவர்கள். குவாந்தானுக்கு வடக்கே உள்ள பாலோக் கடற்கரை எங்களுக்குப் பழகிய இடம். ஆம், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். படிப்பது இயந்திரப் பொறியியல். வார இறுதியில் காற்று இருந்தால் கடல், இல்லையென்றால் பாடப் புத்தகம்.

இந்த விளையாட்டைப் பற்றிச் சொன்னால் எல்லாரும் முதலில் பட்டத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். வானத்தில் பெரிதாகத் தெரிவது அதுதானே! பிரான்ஸைச் சேர்ந்த புருனோ, டொமினிக் லெகைன்யூ சகோதரர்கள் 1984-இல் தண்ணீரில் விழுந்தாலும் மீண்டும் எழுப்பக்கூடிய, காற்றடைத்த பட்டத்துக்குக் காப்புரிமை கோரினார்கள். 1990-களின் பிற்பகுதியில் அது விற்பனைக்கு வந்த பிறகே இந்த விளையாட்டு உலகெங்கும் பரவியது. ஆகவே பட்டத்துக்கு உரிய மரியாதை கொடுக்க வேண்டியதுதான். ஆனாலும் நம் கிழக்குக் கரையின் பாதி நாட்களில் நீங்கள் கடலில் சறுக்கப் போகிறீர்களா, பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மணலில் நடக்கப் போகிறீர்களா என்பதை முடிவு செய்வது காலுக்கடியில் இருக்கும் பலகையின் வடிவம்தான்.

இந்தப் பருவத்துக்கு முன்னால் நாங்கள் மூன்று பேர் ஆளுக்கு 500 ரிங்கிட் போட்டு ஒரே ஒரு பலகை வாங்குவதென்று முடிவெடுத்தோம். எல்லாம் பகுதி நேர வேலையில் சேர்த்த பணம். பிடிபிடிஎன் கடனில் யாரும் கை வைக்கக்கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். என் எடை 68 கிலோ. நண்பன் 84 கிலோ. தோழி 54 கிலோ. ஒரே பலகை, மூன்று உடம்பு, கணிக்க முடியாத கடல். தவறான பலகையை வாங்கினால் பருவம் முழுக்க மூவரும் அதனோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். அதனால் வாங்குவதற்கு முன் மூன்று வாரம் இரவல் பலகைகளில் ஏறிப் பார்த்தோம், கணக்கும் போட்டோம்.

முதலில் காற்றின் கணக்கு

வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பொதுவாக 10 முதல் 20 நாட் வேகத்தில் காற்று வீசும் என்கிறது மலேசிய வானிலை ஆய்வுத் துறை. வடக்கிலிருந்து குளிர்காற்று பாய்ந்து வரும் நாட்களில் கிழக்குக் கரை மாநிலங்களில் அது 30 நாட்டைத் தொடலாம், தாண்டவும் செய்யலாம். 1 நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலோ காற்று பெரும்பாலும் 15 நாட்டுக்கும் கீழேதான்.

10-க்கும் 20-க்கும் நடுவே பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றலாம். படிவம் நான்கு, ஐந்தில் இயற்பியல் படிப்பவர்கள் சற்றுக் கவனியுங்கள். காற்று ஒரு பரப்பின்மேல் செலுத்தும் விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 16 நாட்டில் வீசிய காற்று 12 நாட்டுக்குக் குறைந்தால் வேகத்தில் கால் பங்குதான் குறைகிறது. விசையோ கிட்டத்தட்ட 56 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியும் மாற்றம் சிறிது. பட்டத்தின் கயிற்றில் உணரும் மாற்றம் பாதிக்குப் பாதி. பட்டத்தை மேலும் கீழும் வீசி ஓரளவு இழுவிசையைக் கூட்டலாம். அதற்கும் எல்லை உண்டு.

காற்று மெலிந்தால் கடலும் அடங்கிவிடும் என்று நினைப்பது இயல்பு. குளத்தில் அப்படி நடக்கும், தென்சீனக் கடலில் நடக்காது. நேற்றிரவு வீசிய பலத்த காற்றின் மிச்ச அலை இன்று மதியம்வரை கரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். காற்று ஒரு திசையிலும் நீரோட்டம் எதிர்த் திசையிலும் போனால் அலைகள் இன்னும் செங்குத்தாக எழும். இப்படி முறையான அலையாகவும் இல்லாமல், சமமான நீராகவும் இல்லாமல், முழங்கால் உயரத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் குலுங்கும் நீரைத்தான் இந்த விளையாட்டில் 'சாப்' என்கிறார்கள். எங்கள் கடற்கரையில் மெல்லிய காற்றும் சாப்பும் ஜோடியாகத்தான் வரும்.

இரண்டு தேவைகள், நேரெதிர் வடிவங்கள்

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நின்ற நிலையில் பலகை தண்ணீருக்குள் அமிழ்ந்து, நீரைத் தள்ளிக்கொண்டு நகரும். குறிப்பிட்ட வேகம் வந்ததும் நீருக்கு மேலே ஏறிச் சறுக்கத் தொடங்கும். அந்த ஏற்றம்தான் எல்லாமே. குறைந்த காற்றில் அந்த வேகத்தை எட்டுவது கடினம் என்பதால் பரப்பு அதிகமாகவும், அடிப்பகுதி தட்டையாகவும், பக்க விளிம்பு நேராகவும் உள்ள பலகை வேண்டும். இந்த ரகத்துக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'டோர்', அதாவது கதவு. பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரியும்.

சாப் கேட்பதோ இதற்கு நேர்மாறானது. குறுகலான பலகை. முனைகளில் நல்ல வளைவு. கொஞ்சம் வளைந்து கொடுக்கும் தன்மை. வளைந்த முனை சிற்றலையின்மேல் ஏறிப் போகும். தட்டையான முனை அதில் குத்தும். தட்டையாகவும் அகலமாகவும் உள்ள அடிப்பகுதி ஒவ்வோர் அலையிலும் 'பட் பட்'டென்று அறையும். தெறிக்கும் உப்புத் தண்ணீர் கண்ணை மறைக்கும், முழங்கால் வலி எடுக்கும்.

இந்த முனை வளைவை 'ராக்கர்' என்பார்கள். அளப்பது எளிது. அடியில் உள்ள ஃபின்களைக் கழற்றிவிட்டுப் பலகையைச் சமமான சிமெண்டுத் தரையில் வைத்தால் நடுப்பகுதி தரையைத் தொடும், இரு முனைகளும் எழும்பி நிற்கும். தரையிலிருந்து முனை எவ்வளவு உயரம் என்று அளவுகோலால் பாருங்கள். இரு பக்கமும் போகக்கூடிய 'டுவின் டிப்' பலகைகளில் இது பெரும்பாலும் 3 முதல் 6 சென்டிமீட்டருக்குள் இருக்கும். 3-க்கு அருகில் இருந்தால் தட்டை. 5-க்கு மேல் போனால் நல்ல வளைவு. விற்பவர் சொல்லும் 'சூப்பர் போர்டு', 'ஆல்ரவுண்ட் போர்டு' போன்ற சொற்களைவிட இந்த ஒரு அளவு எனக்கு அதிகம் சொல்கிறது.

சாப் தொல்லை பலமான காற்றிலும் உண்டே, அப்போது ஏன் இவ்வளவு யோசிப்பதில்லை என்று தோழி கேட்டாள். நல்ல கேள்வி. பலமான காற்றில் பட்டத்திடம் உபரி சக்தி இருக்கிறது. ஓர் அலை பலகையை அறைந்து வேகத்தைக் குறைத்தாலும் அடுத்த நொடியே பட்டம் இழுத்து மீட்டுவிடும். 12 நாட்டில் அந்த உபரி கிடையாது. ஒரே ஒரு மோசமான அறை போதும், பலகை மறுபடியும் நீருக்குள் இறங்கிவிடும். திரும்பக் கிளம்ப முழு உழைப்பும் போட வேண்டும். ஆகவே மெல்லிய காற்றில் சாப்பைச் சமாளிப்பது வெறும் சொகுசுப் பிரச்சினை அல்ல. வேகத்தைக் காப்பாற்றும் பிரச்சினை. பெரிய தட்டைப் பலகையே தீர்வு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

அகலத்தைவிட நீளம்

கடற்கரையில் வாடகைக் கடை வைத்திருக்கும் மலாய்க்காரர் ஒருவரை நாங்கள் 'அபாங்' என்றுதான் கூப்பிடுவோம். அவரிடமிருந்து முதலில் இரவல் வாங்கியவை இரண்டு. ஒன்று 136-க்கு 40 சென்டிமீட்டர் சாதாரண டுவின் டிப். மற்றொன்று 159-க்கு 45 'கதவு'. கையடக்கக் காற்றுமானியில் 12 நாட். முழங்கால் உயரச் சாப்.

84 கிலோ நண்பனை 136 தூக்கவே இல்லை. பட்டத்தை எப்படியெல்லாமோ வீசிப் பார்த்தான். எழுவான், பத்து மீட்டர் போவான், அமிழ்வான். கதவில் ஏறியதும் முதல் முயற்சியிலேயே கிளம்பிவிட்டான். ஆனால் கால் மணி நேரத்தில் கரைக்கு வந்து, "முட்டி கழண்டுடும் போல இருக்குடா" என்று மணலில் உட்கார்ந்துவிட்டான். தோழிக்கு நேர்மாறு. 136-இல் அவள் அழகாகப் போனாள். கதவை அவளால் விளிம்பில் சாய்த்துப் பிடிக்கவே முடியவில்லை. அலை தட்டிய பக்கமெல்லாம் பலகை அவளை இழுத்துக்கொண்டு போனது.

எண்ணில் பார்த்தால் இதற்குக் காரணம் தெரியும். நீளத்தை அகலத்தால் பெருக்கி, ஆளின் எடையால் வகுத்தேன். பலகை செவ்வகம் இல்லை என்பதால் இது துல்லியமான பரப்பு அல்ல. ஒப்பிட்டுப் பார்க்க நானே வைத்துக்கொண்ட கணக்கு, அவ்வளவுதான். 136-இல் தோழிக்கு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 101 சதுர சென்டிமீட்டர் கிடைக்கிறது. எனக்கு 80. நண்பனுக்கு வெறும் 65. கதவில் நண்பனுக்கு 85, தோழிக்கு 132. ஒரே பலகை ஒருவருக்குச் சின்னது, இன்னொருவருக்கு வள்ளம். 'மெல்லிய காற்றுக்கு இந்த அளவுதான்' என்று எடையைக் கேட்காமலே யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, பரப்பைக் கூட்ட வேண்டும். எந்தப் பக்கம் கூட்டுவது? அகலத்திலா, நீளத்திலா? பெருக்கல் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். கடலுக்கு ஒன்றல்ல. பலகையின் நடுக்கோட்டிலிருந்து விளிம்புவரை 40 சென்டிமீட்டர் பலகையில் 20, 45-இல் 22.5. அலை விளிம்பில் தட்டும்போது கணுக்காலிலும் முழங்காலிலும் உண்டாகும் முறுக்குவிசை, விசையைத் தூரத்தால் பெருக்கியது. தூரம் மட்டுமே எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டது. அறை வாங்கும் பரப்பு கூடியது தனிக் கணக்கு. நீளத்தைக் கூட்டினால் இந்தத் தண்டனை அவ்வளவாக இல்லை. கூடுதலாக, நீரைப் பிடித்துக்கொள்ளும் விளிம்பின் நீளம் அதிகரிப்பதால் காற்றை எதிர்த்துச் சாய்வாக மேலேறிப் போகவும் அது உதவுகிறது. பாலோக் போன்ற இடத்தில் இது முக்கியம். வடகிழக்குக் காற்று ஏறத்தாழ கரையை நோக்கியே அடிப்பதால், மேலேறிப் போக முடியாத பலகை உங்களை மறுபடி மறுபடி கரையில் கொண்டுவந்து கொட்டும்.

அதனால் என் முடிவு இது: சாப்பும் மெல்லிய காற்றும் சேர்ந்த இடத்தில் நீளத்தைத் தாராளமாகக் கூட்டலாம். அகலத்தில் கஞ்சத்தனம் காட்ட வேண்டும். வளைவைப் பொறுத்தவரை, கால்கள் நிற்கும் நடுப்பகுதி தட்டையாக இருந்து, முனைகள் மட்டும் எழும்பியிருந்தால் நல்லது. கிளம்புவதற்கு நடுப்பகுதி உதவும், அலையில் ஏற முனைகள் உதவும். அடிப்பகுதி நடுவில் லேசாக 'வி' வடிவிலோ இரட்டைக் குழிவாகவோ இருந்தால் தண்ணீரை இரண்டாகப் பிரித்து அறையைத் தணிக்கும். பொருளிலும் கவனம் தேவை. முழு கார்பன் பலகை இலேசானது, விறைப்பானது, விலையும் அதிகம். சாப்பில் அந்த விறைப்பு நேராக முழங்காலுக்கு வந்து சேரும். பாலோனியா மரத்தை உள்ளே வைத்து மேலே கண்ணாடி இழை பூசிய பலகை முனைகளில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பணம் குறைவாக இருப்பவர்களுக்கு இந்த ஒரு விஷயத்திலாவது அதிர்ஷ்டம்!

சர்ஃப் பலகையும் ஃபாயிலும்

ஒரு முனை கூராகவும் ஒரே திசையில் மட்டும் போகக்கூடியதாகவும் உள்ள சர்ஃப் பலகை வகையையும் பார்த்தோம். 5 அடி 8 அங்குலம். சாப்பில் இதைப் போன்ற சுகம் வேறெதிலும் கிடைக்கவில்லை. எடையைப் பின்னங்காலில் போட்டு நிற்பதால் முன்முனை தானாக எழும்பி அலைகளைத் தாண்டுகிறது. நீளம் உண்டு, முன்புறம் குறுகல் உண்டு, மிதப்பும் உண்டு. நான் மேலே கேட்டதெல்லாம் இதில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே இடைஞ்சல், திரும்பும்போது கால்களை மாற்றி வைக்க வேண்டும். டுவின் டிப்பில் அப்படியே எதிர்த்திசையில் போய்விடலாம். குலுங்கும் நீரில், கால்பட்டை இல்லாத பலகையில் காலை மாற்றுவதற்குள் புதியவர் ஐந்து முறை விழுவார். தோழி இந்த விளையாட்டுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. மூவருக்கும் பொதுவான பலகை என்றால் இது சரிப்படாது.

"ஃபாயில் வாங்கலாமே?" என்று கேட்காத இளையோர் இல்லை. காரணம் தெரிந்ததுதான். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் கைட் பந்தயம் முதன்முறையாக இடம்பெற்றது. அண்டை நாடான சிங்கப்பூரின் மேக்சிமிலியன் மேடர் 17 வயதில் வெண்கலம் வென்றார், அதுவும் ஆகஸ்ட் 9, அவர்களின் தேசிய நாளன்று. அவர் ஏறி நின்றது பலகைக்கு அடியில் நீண்ட கம்பமும், அதன் முனையில் விமான இறக்கை போன்ற அமைப்பும் கொண்ட ஃபாயில் பலகை. வேகம் பிடித்ததும் பலகை நீரைவிட்டு எழும்பிவிடும். கீழே சாப் குலுங்கினாலும் மேலே தெரியாது. 8, 10 நாட் காற்றே போதும். இயந்திரப் பொறியியல் படிப்பவனுக்கு இதைவிட அழகான தீர்வு கிடையாது. ஆனால் பந்தயக் கம்பம் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். நம் கரையோரம் வெகுதூரம் ஆழமில்லாத மணல். அந்தக் கம்பத்தை இழுத்துக்கொண்டு அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போக வேண்டும்; விழுந்தால் கூரிய இறக்கை எங்கே இருக்கிறது என்று பார்த்து விழ வேண்டும். மீன்பிடி வலை மிதந்து வந்தால் கதை முடிந்தது. விலையும் எங்கள் 1,500 ரிங்கிட்டுக்கு எட்டாத உயரம். முதல் பலகையாக இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மெல்லிய காற்று ஆபத்தில்லாதது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. காற்று 9 நாட்டுக்கு இறங்கினால் தண்ணீரில் விழுந்த பட்டத்தை எழுப்ப முடியாமல் போகலாம். அப்போது எந்தப் பலகையும் உதவாது. நீந்தித்தான் வர வேண்டும். காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் நாளில் நாங்கள் இறங்குவதே இல்லை. புறப்படும் முன் வானிலை ஆய்வுத் துறையின் கடல் எச்சரிக்கையைப் பார்த்துவிடுவோம். இதையெல்லாம் சொன்ன பிறகும் என் அம்மாவின் கேள்வி மாறவில்லை: "உனக்குக் கடல்ல என்ன வேலை?"

கடைசியில் வாங்கியது

பழைய பலகை வாங்குவதில் வெட்கம் இல்லை. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். கால்பட்டையைப் பூட்டும் திருகுத் துளைகளில் துரு ஏறியிருக்கிறதா, மரை தேய்ந்திருக்கிறதா என்று திருகை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். விளிம்பு நெடுகக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் உள்ளே தண்ணீர் புகுந்து மரம் ஊறியிருக்கலாம். நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால், ஒட்டு விட்டுப்போன இடத்தில் ஓசை மாறும்.

நாங்கள் வாங்கியது 142-க்கு 42 டுவின் டிப். மர உள்ளீடு, கண்ணாடி இழை. நான் அளந்தபோது ராக்கர் நாலரை சென்டிமீட்டர். என் கணக்குப்படி தோழிக்குக் கிலோவுக்கு 110, எனக்கு 88, நண்பனுக்கு 71. விலை 1,200 ரிங்கிட். மீதியில் 5 சென்டிமீட்டர் ஃபின் நான்கு வாங்கினோம். மெல்லிய காற்றில் பலகை பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்ளச் சற்றுப் பெரிய ஃபின் கைகொடுக்கிறது.

தோழி இதில் 11 நாட்டிலேயே கிளம்பிவிடுகிறாள். சாப் கூடினால் அவளுக்குப் பலகை சற்றுப் பெரிதாகத்தான் தெரிகிறது. எனக்கு 12, 13 இருந்தால் மாலை முழுக்கப் போதும். நண்பனுக்கு 14 வேண்டும். அதற்குக் குறைந்தால் அவன் கரையில் நின்று எங்கள் பட்டங்களை ஏற்றிவிடுகிறான். போன வாரம் அபாங்கின் கடைக்குப் போனபோது 5 அடி 10 அங்குல சர்ஃப் பலகை ஒன்றின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். விலையைக் கேட்டானா என்று நான் கேட்கவில்லை. தன் பங்குக்குப் போட்ட 500 ரிங்கிட்டை மட்டும் திருப்பிக் கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறான்.